பழைய டென்னிஸ் சாம்பியன் படங்கள்: பிரிண்டில் பார்க்க வேண்டியவை

துள்ளி எழுந்து பந்தை அடிக்கும் சுசான் லெங்லென், 1957 விம்பிள்டனை வென்ற ஆல்தியா கிப்சன், 1975 விம்பிள்டன் கோப்பையோடு ஆர்தர் ஆஷ்: சுவரில் மாட்ட இவற்றைப்போல அழகான கருப்பு வெள்ளைப் படங்கள் குறைவு. ஆனால் விற்பனைக்கு வரும் பிரிண்டுகளின் தரம் ஒரே சீராக இல்லை.

16×20 அங்குல அளவுக்கு, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கணக்கில், 4800×6000 பிக்சல் வேண்டும். மலிவானவை பலவும் பழைய பத்திரிகைப் பக்கத்தை ஸ்கேன் செய்தவை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். லெங்லெனின் வெள்ளை உடையைக் கவனியுங்கள். துணி மடிப்புகள் தெரிந்தால் நல்ல பிரிண்ட். வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தால் கான்ட்ராஸ்டை ஏற்றிக் கெடுத்திருக்கிறார்கள். பழமை காட்டச் சேர்த்த செபியா (மங்கலான பழுப்பு) நிறம் வேண்டவே வேண்டாம்.

அமிலமற்ற பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையால் (நுண்ணிய நிறத்துகள்கள் கொண்ட மை) அச்சிட்டதுதான் நீடிக்கும். டை மை (கரைந்த சாயத்தால் ஆனது) சீக்கிரம் வெளுக்கும்.

ஃபிரேமில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கண்ணாடி படத்தைத் தொட்டால் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மேற்பரப்பு உரியும். அதைத் தடுக்கும் இடைவெளியை மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) தருகிறது. பின்பக்கம் முழுக்கப் பசை தடவினால், ஈரத்தில் விரியும் காகிதம் அலை அலையாகச் சுருங்கும். மேல் விளிம்பில் இரண்டு காகிதக் கீல்களே (படத்தை அட்டையோடு பிணைக்கும் சிறு காகிதப் பட்டைகள்) போதும். மாட்டும் சுவரில் நேர் வெயில் படக்கூடாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 58 அங்குலத்தில் இருக்கட்டும்.