சிங்கப்பூர் தேக்காவில் ரூம் போடுகிறவர்கள் கவனியுங்கள்: சன்னல் என்று சொல்லிச் சுவரைக் காட்டினார்கள்

திருச்சியில் வந்து இறங்கி ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. கோபம் ஆறிவிட்டால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன். போனது 647 வெள்ளி 46 காசு. சிங்கப்பூர் டாலரை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நம்மூர்க் கணக்கில் நாற்பதாயிரத்துக்கு மேல்.

அம்மாவோடு மூன்று ராத்திரி தங்க லிட்டில் இந்தியாவில், அதைத்தான் தேக்கா என்கிறார்கள், ஒரு பூட்டிக் ஹோட்டல் பார்த்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெரு, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீட்டைப் புதுப்பித்து ஹோட்டலாக்கியிருந்தார்கள். வண்ணம் பூசிய மரச் சன்னல்கள், பூப்போட்ட தரை ஓடு, வாசலில் அஞ்சடி, அதாவது கூரை போட்ட நடைபாதை. வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம் என்று அம்மாவுக்கு ஆசை. பெயரைச் சொல்லப்போவதில்லை, வழக்கு கிழக்கு என்று அலைய எனக்குத் தெம்பில்லை.

முதலில் ஒரு முன்பதிவுத் தளத்தில்தான் போட்டேன், வேண்டாமென்றால் இலவசமாக ரத்து செய்துகொள்ளலாம் என்ற வசதியோடு. அப்படியே விட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு, அடைத்த அறையில் படுக்க மாட்டார். சன்னல் திறக்குமா என்று கேட்டு ஹோட்டலுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் மேனேஜரே போன் பண்ணினார். தமிழர்.

"தெருப் பக்கம் சன்னல்க்கா. திறந்தா கோயில் மணி கேக்கும். அம்மாவ நான் பாத்துக்கறேன். அவங்களுக்கு எதுக்குக் கமிஷன் அழுவணும்? அத ரத்து பண்ணிட்டு நேரா நமக்கே கட்டிடுங்க, ராத்திரிக்கு இருபது வெள்ளி குறைச்சுத் தர்றேன்."

கோயில் மணி என்றதும் விழுந்துவிட்டேன். வெளியூரில் ஒருத்தர் நம் பாஷையில் "அக்கா" என்றால் புத்தி கொஞ்சம் தூங்கப் போய்விடுகிறது. ரத்து செய்தேன். அவர் அனுப்பிய இணைப்பில் கார்டு எண் போட்டு, ஓடிபி போட்டு, 540 வெள்ளி கட்டினேன். எல்லாம் என் கையாலேயே.

சனிக்கிழமை சாயங்காலம் போய் நின்றால், இன்னும் 107 வெள்ளி 46 காசு வேண்டும் என்றார்கள். மேனேஜர் அனுப்பிய செய்தியில் ராத்திரிக்கு 180++ என்று இருந்ததாம். இருந்தது, உண்மைதான். அந்தப் ப்ளஸ் ப்ளஸ்ஸை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். 10 சதவீதம் சேவைக் கட்டணம், வாடகையும் அதுவும் சேர்ந்த தொகை மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. அந்த ஊர் ஹோட்டல்களில் இது வழக்கம்தான், இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை.

அறைதான் ஏமாற்று. திரைச்சீலை தரைவரை தொங்கியது, பின்னால் வெளிச்சம்கூடத் தெரிந்தது. அம்மா விலக்கினார். சுவர். சுவரில் ஒரு டியூப் லைட்.

கடைவீடு என்பது முகப்பில் குறுகலாக, உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும். நடுவில் இருக்கும் அறைக்குத் தெருச் சன்னல் எங்கிருந்து வரும்? படம் பிடித்துப் போட்டதெல்லாம் முன்னறையை.

கவுன்டரில் இருந்த பெண் சொன்னாள்: "இது பாதுகாக்கப்பட்ட கட்டடம் மேடம், சுவர உடைச்சு சன்னல் வைக்க முடியாது." நான் என்ன கடப்பாரையோடா வந்திருக்கிறேன்? சொன்ன அறையைக் கொடு என்றேன். "ஃபுல்." மேனேஜர்? "இன்னிக்கு லீவு." கீழே மதுக்கடைப் பாட்டு கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தது. அம்மா இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி, அஞ்சடியில் நாற்காலி போட்டு ராத்திரி ஒன்றரை மணிவரை உட்கார்ந்திருந்தார். காலையில் வேறு இடத்துக்கு மாறிவிட்டோம். ஒரு ராத்திரி தங்கினாயே என்று கணக்கில் கழிக்காதீர்கள், அம்மா தங்கியது அஞ்சடியில். போனது முழுதாக 647 வெள்ளி 46 காசு.

பிறகு ஆரம்பித்தது பந்து விளையாட்டு. மேனேஜருக்குப் பதினொரு செய்தி அனுப்பினேன், எல்லாவற்றுக்கும் நீல டிக். கடைசியில் ஒன்று வந்தது: "அன்பார்ந்த விருந்தினரே, இந்தக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது." அக்கா எங்கே போனாளோ. முன்பதிவுத் தளத்தைக் கேட்டால், ரத்து செய்தது நீங்கள்தானே, எங்களிடம் புக்கிங்கே இல்லையே என்கிறார்கள். வங்கியைக் கேட்டால், ஓடிபி போட்டது நீங்கள்தானே. ஆமாம், நான்தான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், தலை விண்விண் என்கிறது. தளத்தில் போட்டதை யார் சொன்னாலும் ரத்து செய்யாதீர்கள். போனில் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள், "தெருப் பார்த்த, திறக்கும் சன்னல்" என்ற வார்த்தைகளோடு; என்னிடம் அது இல்லை, அவர் குரல்தான் காதில் இருக்கிறது. அறையைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள். அங்கே சின்னத் தொகை வழக்குகளுக்கென்றே ஒரு நடுவர் மன்றம் உண்டு, 20,000 வெள்ளிவரை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். இது எனக்குத் தெரிந்தது விமான நிலைய வரிசையில், பின்னால் நின்றவர் சொல்லி.

பத்து மணி ஆகிவிட்டது. வங்கிக்கு மறுபடி போன் போட வேண்டும்.