கினி பன்றி: ஜோடியா, இரண்டு பெண்ணா?

கினி பன்றி கூட்டமாக வாழும் பிராணி. தனியாக விட்டால் வாடிவிடும். அதனால் இரண்டாக வாங்குவது சரிதான். ஆனால் எந்த இரண்டு என்பதில் பெண்ணின் உயிரே இருக்கிறது.

கடையில் பலரும் கேட்பது ஆண், பெண் ஜோடி. என் பார்வையில் இதுதான் மிக ஆபத்தானது. கர்ப்பம் 59 முதல் 72 நாள் வரை நீளும். குட்டிகள் கண் திறந்து, முடியும் பல்லுமாகவே பிறக்கும். அவ்வளவு பெரிய குட்டி வெளியே வர, தாயின் இடுப்பெலும்பு முன்பக்கம் விரிந்து கொடுக்க வேண்டும். 7, 8 மாதத்துக்குள் முதல் பிரசவம் நடக்காவிட்டால் அந்த இணைப்பு இறுகிவிடும். அப்புறம் கர்ப்பமானால் குட்டி சிக்கிக்கொள்ளும். சிசேரியன் செய்தாலும் தாய் பிழைப்பது உறுதியில்லை.

சின்ன வயதிலேயே சேர்த்தால் டாக்ஸீமியா என்ற கர்ப்பகால ரத்த நச்சு நோயின் பயம் போய்விடுமா? போகாது. கர்ப்பத்தின் கடைசி இரண்டு வாரமும் ஈன்ற பிறகு முதல் வாரமும் கண்டம்தான். உடல் பருத்த பெண் தீனியை நிறுத்தினால், சில சமயம் ஒரே நாளில் இறந்துவிடும். வெக்கையும் இடமாற்றமும் இதைத் தூண்டும். 27 டிகிரிக்கு மேலேயே தவிக்கும் பிராணி இது. கடலூர் கத்திரி வெயிலில் நிறைசூலியாக இருப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. போதாததற்கு, ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்படும்.

கருத்தடை செய்த ஆணும் பெண்ணும் நன்றாக ஒத்துப்போகும். சின்னப் பிராணிகளுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவர்தான் வேண்டும். புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். அறுவைக்குப் பிறகும் 6 வாரம் பிரித்தே வையுங்கள், அதுவரை ஆணால் சினைப்படுத்த முடியும். இரண்டு ஆண் என்றால் இடம் தாராளமாக வேண்டும், சண்டை வரும்.

நான் சொல்வது இரண்டு பெண். கத்தியும் இல்லை, பிரசவமும் இல்லை. ஒரே கவலை, கடையில் ஆண் பெண் மாற்றிச் சொல்வது, அல்லது ஏற்கெனவே சினையாக இருப்பது. மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். சினை என்று தெரிந்தால் வைட்டமின் சி தேவை கிலோ எடைக்குத் தினம் 10 மில்லிகிராமிலிருந்து 30 வரை உயரும். கொய்யா, குடைமிளகாய் சேர்த்துக் கொடுங்கள், மருந்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.