கால் தொங்கினால் எதைக் கட்டுவது: பிளாஸ்டிக்கா, கார்பனா, எலாஸ்டிக்கா?

முதலில் காட்டிக்கொடுத்தது பைக்தான். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், கியரை மேலே தூக்க இடது கால் நுனி எழும்பவே இல்லை. அடுத்த வாரம் நடந்துகொண்டிருக்கும்போது ஹவாய் செருப்பு கழன்று நாலடி பின்னால் கிடந்தது. இடுப்பில் எல்4, எல்5 என்ற இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் நரம்பை அழுத்துகிறது, இது ‘ஃபுட் டிராப்’ என்றார்கள். பாதத்தை மேலே தூக்கும் தசைக்கு நரம்பின் கட்டளை போய்ச் சேரவில்லை. (பைக்கை விற்றுவிட்டு ஸ்கூட்டருக்கு மாறிவிட்டேன். கியரும் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில்.)

டிஸ்க் சிகிச்சை டாக்டரின் வேலை. காலில் எதை மாட்டுவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

மின்தூண்டல் கருவியை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டால் மின்சாரத்தால் நரம்பைத் தூண்டிப் பாதத்தைத் தூக்கவைக்கும். பக்கவாதம் போல மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு வந்தவர்களுக்கு அது பொருந்தும். என்னைப் போல காலுக்கு வரும் நரம்பே அடிபட்டிருந்தால் பெரிதாகப் பயன் இருக்காது.

எலாஸ்டிக் பெல்ட்டை இரண்டு மாதம் போட்டேன். கணுக்காலில் ஒரு பட்டை, அதிலிருந்து ஷூ லேஸுக்கு ஒரு கொக்கி. விலை குறைவு, பேன்ட்டுக்குள் தெரியாது. ஆனால் அதன் உயிரே ஷூவில்தான் இருக்கிறது. நம் ஊரில் ஷூவைக் கழற்றாத இடம் எது? மணக்குள விநாயகர் கோயில் வாசலில் ஷூவை விட்டதும் பாதம் பழையபடி தொங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே சாமி கும்பிட்டேன். வெறுங்காலுக்கென்று தனிப் பட்டையும் கிடைக்கிறது. எனக்கு வேர்வையில் வழுக்கிக்கொண்டே போனது.

கார்பன் ஃபைபரில் செய்த கால் தாங்கியை ஒரு கடையில் அரைமணி நேரம் போட்டு நடந்து பார்த்ததோடு சரி, அதனால் அதிகம் பேசக்கூடாது. எடையே தெரியவில்லை. ஒவ்வொரு அடியிலும் வில் மாதிரி முன்னே தள்ளியது. நடைக்கு மட்டும் மார்க் போட்டால் அதுதான் முதலிடம். விலை பிளாஸ்டிக்கைப் போல பல மடங்கு.

நான் வாங்கியது கெண்டைக்காலுக்குப் பின்னால் இலை மாதிரி இறங்கும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் பிடித்து நிறுத்தும் தாங்கி). மாவுக்கட்டு போட்டு அளவெடுத்துச் செய்தது. காரணம் ஒன்றே ஒன்று: கெட்டுப்போனால் சரிசெய்ய ஊரிலேயே ஆள் உண்டு.

முதல் வாரமே கணுக்கால் எலும்பில் சிவப்புத் தடம் விழுந்தது. கழற்றி அரைமணி நேரம் ஆகியும் தடம் மறையாவிட்டால் போடாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் தினமும் கண்ணால் பார்த்துவிட வேண்டும், வலித்துச் சொல்லாது. செய்து கொடுத்தவரிடமே எடுத்துக்கொண்டு போனேன். சூடான காற்றடித்து அந்த இடத்தை லேசாக வெளியே தள்ளினார், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கார்பனை அப்படி வளைக்க முடியாது.

அப்புறம் வெல்க்ரோ. சாக்ஸ் நூலும் சில்வர் பீச் மணலும் அதில் போய் அடைத்துக்கொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும். ஆறு மாதத்தில் பிடிப்பு போய்விட்டது. மஞ்சக்குப்பத்தில் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “சார், பட்டையை மாத்திடலாம். அடியில வழுக்குமே, ரப்பர் ஒட்டித் தரட்டுமா?” என்றார். அவராகச் சொன்னதுதான். மொசைக் தரையில் வெறும் பிளாஸ்டிக்கோடு நடப்பது பனிக்கட்டியில் நடப்பது மாதிரி. ரப்பர் ஒட்டிய நாளிலிருந்து வீட்டுக்குள் ஷூ இல்லாமலே நடக்கிறேன். ஷூவின் உள்அட்டையை உருவிவிட்டால் அதே சைஸில் நுழைந்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. கத்திரி வெயிலில் உள்ளே வெந்துவிடும், நீளமான பருத்தி சாக்ஸ் நாளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். சம்மணம் போடக் கழற்றித்தான் ஆகவேண்டும். கடல் மணலில் இதை மட்டும் நம்பி இறங்குவதில்லை, கைத்தடியும் வேண்டும். தடி நல்ல காலின் பக்கத்துக் கையில், எனக்கு வலது கை.

பக்கவாதத்துக்குப் பிறகு கால் விறைத்துப் போனவர்களுக்கு இந்த மெல்லிய இலை தாங்காது. கணுக்காலை முழுதாகப் பிடிக்கும் கெட்டி வகையோ கீல் வைத்ததோ கொடுப்பார்கள். அது எனக்கு அனுபவமில்லாத இடம், பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு முடிவெடுங்கள்.