பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கெஃப் எல்எஸ்50 மெட்டா

ஸ்டாண்டில் வைத்துக் கேட்கும் சிறிய ஸ்பீக்கரை வாங்குவோரில் பலர், பெரியதை வைக்க இடமில்லாததால் இதோடு திருப்தி அடைந்துவிட்டதாகவே நினைக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவும், மேலே கான்கிரீட் தளமும், கீழே டைல்ஸ் தரையும் கொண்ட என் அறையில் எட்டு மாதங்களாக கெஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டா என்ற ஸ்பீக்கரைக் கேட்டுவரும் எனக்கு அந்த எண்ணம் தவறு என்றே படுகிறது. இப்படிப்பட்ட அறைக்குச் சிறிய பெட்டிதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

கெஃப், 1961-இல் ரேமண்ட் குக் இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் தொடங்கிய நிறுவனம். பி.பி.சி. 1970-களில் தன் ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான உட்புறத்துக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்னும் குட்டி ஸ்பீக்கரில் இருந்த ட்வீட்டர் (மேல்ச்சுரம் தரும் பகுதி), வூஃபர் (கீழ்ச்சுரம் தரும் பகுதி) இரண்டும் கெஃப் தயாரித்தவை. அந்த மரபை நினைவூட்டும் எல்எஸ்50, 2012-இல் வந்தது. 2020-இல் வந்த மெட்டா அதன் திருத்திய வடிவம். உயரம் 30 செ.மீ., அகலம் 20 செ.மீ., எடை ஏறத்தாழ 8 கிலோ. வூஃபர் கூம்பின் நட்டநடுவில் 25 மி.மீ. ட்வீட்டர் அமர்ந்திருப்பதால், கீழ்ச்சுரமும் மேல்ச்சுரமும் ஒரே புள்ளியிலிருந்து புறப்பட்டுக் காதை அடைகின்றன. ட்வீட்டரின் பின்புறம் கிளம்பும் தேவையற்ற ஒலியைப் புதிர்ப்பாதை போன்ற ஒரு வட்டத்தட்டு விழுங்கிவிடுகிறது. பெயரிலுள்ள ‘மெட்டா’ அதைக் குறிப்பதே. அந்த ஒலியில் 99 சதவீதம் உறிஞ்சப்படுவதாக நிறுவனம் சொல்கிறது. அதை அளந்து பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. ஆனால் மணிக்கணக்கில் வயலின் கேட்ட பிறகும் காது களைப்பதில்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

இனி அறையின் கணக்குக்கு வருகிறேன். பன்னிரண்டு அடி என்பது 3.66 மீட்டர், வினாடிக்கு 343 மீட்டர் என்ற ஒலியின் வேகத்தை அதன் இருமடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 47 அதிர்வுகள் கிடைக்கிறது, பத்து அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே இந்த அதிர்வெண்கள் முட்டி மோதிப் பெருகும். மரச்சட்டமும் பலகையும் கொண்டு கட்டிய வீடுகளில் சுவரே இதில் ஒரு பங்கை உறிஞ்சிவிடும். செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படியே திருப்பி அனுப்பும். தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கி இந்த இரண்டு அதிர்வெண்களையும் முழு வலிமையோடு தட்டி எழுப்ப, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி நாதம் வழவழவென்று நீண்டு அடுத்த சொல்லை மூடிவிடும். எல்எஸ்50 மெட்டாவோ 79 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லத் தணியத் தொடங்குகிறது. அது தணியும் இடத்தில் அறை கைகொடுக்கிறது. பின்சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி வைத்தபோது ஸ்பீக்கரின் தணிவும் அறையின் பெருக்கமும் சரியாக இணைந்தன. சுவரோடு ஒட்டி வைத்தே ஆக வேண்டியவர்களுக்கு, பின்பக்கத் துளையை அடைக்கும் பஞ்சு பெட்டியிலேயே வருகிறது.

இந்த ஸ்பீக்கரின் உண்மையான பலம் குரலில் இருக்கிறது. பழைய மோனோ கச்சேரிப் பதிவுகளில் பாடகர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, பெட்டிகளோடு தொடர்பே இல்லாதவரைப் போல அமர்ந்திருக்கிறார். தம்புராவின் நான்கு தந்திகளும் ஒன்றோடொன்று கலந்தும் தனித்தும் கேட்கின்றன. அதே சமயம் மோசமான பதிவின் இரைச்சலையும் இது ஒளிக்காது. தேய்ந்த ஒலிநாடாவிலிருந்து எடுத்த பதிவுகளை விரும்பிக் கேட்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள் இவற்றைப் புத்தக அலமாரியில் வைத்திருந்தது முழுக்க என் தவறு. பலகையும் சேர்ந்து அதிர்ந்து குரலில் ஒரு கரகரப்பு ஏறியது. பிறகு ஒரு வெல்டிங் பட்டறையில் சதுர இரும்புக் குழாயால் 28 அங்குல உயரத்தில் ஸ்டாண்ட் செய்யச் சொன்னேன். சோபாவில் அமர்ந்தால் காதுக்கு நேராக ட்வீட்டர் வர 24 அங்குலம் போதவில்லை. வந்த இரண்டில் ஒன்று ஆடியது. திருப்பி அனுப்பி அடித்தட்டைச் சமன் செய்ய வைத்தேன். குழாய்க்குள் சலித்து உலர்த்திய மணலை நிரப்பிய பின் தட்டினால் மணியோசை எழவில்லை. அடியில் உள்ள கூர்முனைகள் டைல்ஸைக் கீறாதிருக்க ஒரு ரூபாய் நாணயங்கள் போதும். ஸ்பீக்கரின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சொற்பம். ஆனால் கேட்டதில் வந்த மாற்றம் கேபிள் மாற்றியபோது வந்ததைவிடப் பன்மடங்கு பெரியது.

ஆம்ப்ளிஃபையரில் கஞ்சத்தனம் கூடாது. இதன் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 85 டெசிபல்தான். பெயரளவில் 8 ஓம் என்றாலும் மின்தடை சில அதிர்வெண்களில் 3.5 ஓம் வரை இறங்கி, ஆம்ப்ளிஃபையரிடம் கூடுதல் மின்னோட்டம் கேட்கிறது. என்னிடமிருந்த பழைய 20 வாட் ஆம்ப்ளிஃபையர் தனியாவர்த்தனத்தில் திணறியது; 60 வாட் தரும் ஒன்றுக்கு மாறிய பிறகு அந்தத் திணறல் போயிற்று. நிறுவனம் பரிந்துரைப்பதும் 40 முதல் 100 வாட் வரைதான். முன்மூடி இல்லாமல் வருவதால், குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த அழகிய கூம்பு விரல்களை ஈர்க்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருபது அடிக்கு மேல் நீளமுள்ள கூடத்தில் நாகஸ்வரத்தையும் தவிலையும் கோயில் வாசலில் கேட்பதுபோல் கேட்க வேண்டுமென்றால் இது போதாது. அடியொலிக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி ஒன்றைச் சேர்க்க வேண்டிவரும், அல்லது வேறு ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும். 2019-இல் வந்த வார்ஃப்டேல் லிண்டன் அப்படி ஒன்று: ஒலியெழுப்பும் மூன்று டிரைவர்கள், 90 டெசிபல் உணர்திறன், ஒவ்வொன்றும் 18 கிலோவுக்கு மேல். அதற்கென்றே செய்த ஸ்டாண்டில் இசைத்தட்டுகளை அடுக்கி வைக்கலாம் என்பதில் மட்டும், மணல் நிரப்பிய குழாய்களோடு வாழும் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.