‘மாட்டினால் படம் வந்துவிடும்’: சேலத்தில் ஒரு வயருக்காக நான் 3,900 ரூபாய் தொலைத்த கதை

பழைய கேமராவில் எடுத்த கேசட்டைப் பெரிய திரையில் போட்டுப் பார்க்க நினைப்பவர்கள், வயர் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சேலம் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் நான்கு தடவையாக 3,900 ரூபாய் கொடுத்தேன். ஒரு நிமிடப் படம்கூட வரவில்லை. கடையின் பெயரை இங்கே போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. தவிர, இதே சரக்கு அந்த ஒரு கடையில் மட்டும் தொங்கவில்லை.

கேமரா அப்பாவுடையது. 2003இல் வாங்கிய ஹேண்டிகேம், மினிடிவி வகை. (மினிடிவி என்பது கேசட்டின் பெயர், சின்னத் தொலைக்காட்சி என்று நினைத்துக்கொண்டு கடைக்காரர் என்னிடம் ஐந்து நிமிடம் பேசினார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.) சேலம் குகைப் பகுதியில் ஆடி மாதம் நடக்கும் வண்டி வேடிக்கையை அப்பா வருடம் தவறாமல் எடுத்து வைத்திருந்தார். சாமி வேடம் போட்டவர்களோடு அலங்கார வண்டிகள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்க்க ஊரே திரண்டு நிற்குமே, அது. ஏற்காட்டில் இருக்கும் என் பெரியம்மா குகையில் பிறந்து வளர்ந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். “இருபது கொண்டை ஊசி வளைவையும் இனி என் வயிறு தாங்காது, நீயே அதை இங்கே கொண்டுவந்து காட்டு” என்று சொல்லிவிட்டார். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். கேமராவின் இரண்டரை அங்குலத் திரையை நீட்டினால் அவருக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும். அவர் வீட்டு டிவி இடி விழுந்து போனதோடு சரி. மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் எப்போது போகும் என்றும் சொல்ல முடியாது. அதனால் பவர் பேங்கிலேயே ஓடக்கூடிய 15.6 அங்குலத் திரை ஒன்றை, தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக, வாங்கினேன். திரையில் குறை ஒன்றுமில்லை. அதைக் கேமராவோடு இணைக்கப் புறப்பட்டதில்தான் வினை.

கேமராவில் மூன்று துளைகள். ஒன்று ஏவி, படமும் ஒலியும் வெளியே வரும் துளை: அதில் ஒரு முனையை மாட்டினால் மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பின்கள் வரும். இன்னொன்று டிவி (DV, தொலைக்காட்சி அல்ல) எனப்படும் ஃபயர்வயர். கேசட்டில் இருப்பதை அப்படியே கணினிக்கு ஏற்ற உதவுவது. மூன்றாவது ஒரு சிறிய யூஎஸ்பி. என் கேமராவில் அது மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களை எடுக்க மட்டுமே. திரையிலோ மஞ்சள் துளை கிடையாது. மினி எச்டிஎம்ஐ (இப்போதைய டிவிகளில் படமும் ஒலியும் போகும் எச்டிஎம்ஐ துளையின் சிறிய வடிவம்) ஒன்றும் யூஎஸ்பி டைப் சி இரண்டும்தான்.

இதையெல்லாம் சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவேயில்லை. மேலே தொங்கிய ஒரு வயரை இழுத்தார். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் மூன்று வண்ணப் பின்கள். “அக்கா, மாட்டினால் படம் வந்துவிடும்.” 450 ரூபாய்.

வரவில்லை. வரவும் வராது. கேமராவின் மஞ்சள் பின் வழியே வருவது பழைய காலத்து அனலாக் சமிக்ஞை. எச்டிஎம்ஐயின் 19 ஊசிகள் கேட்பது டிஜிட்டல். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் ஒரு சில்லு வேண்டும், அந்தச் சில்லுக்கு மின்சாரமும் வேண்டும். குழாயின் ஒரு முனையில் மரவள்ளிக் கிழங்கைக் கொட்டினால் மறுமுனையில் ஜவ்வரிசி விழாது, நடுவில் ஆலை இருக்க வேண்டும் என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த வயருக்குள் ஆலை இல்லை. வெறும் கம்பிதான். அதை வாங்கிய எனக்கு அது தெரியாது, விற்கிறவருக்குத் தெரியாதா?

இரண்டாம் முறை போனபோது, “உங்கள் திரை டைப் சி, அதனால்தான்” என்று 850 ரூபாய்க்கு இன்னொரு வயர் கொடுத்தார். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது, பலர் விழுகிறார்கள். மினி எச்டிஎம்ஐக்கும் விவரக் குறிப்புகளில் ‘டைப் சி’ என்றுதான் பெயர். செல்போனில் இருக்கும் யூஎஸ்பி டைப் சி வேறு. அவர் தந்தது யூஎஸ்பி டைப் சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் வயர். போன் அல்லது மடிக்கணினியின் படத்தை டிவிக்குக் கொண்டுபோவதற்கு உண்டானது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இந்த வயர் ஒருவழிப் பாதை. எதிர்த்திசையில் படத்தைத் தள்ள முடியாது. என் கேமராவிலோ எச்டிஎம்ஐயே கிடையாது என்பது தனிக் கதை.

மூன்றாம் முறை சண்டை போட்டேன். அதற்குப் பலன், 1,100 ரூபாய்க்கு ஒரு சின்னப் பெட்டி. ‘கன்வெர்ட்டர்’ என்று எழுதியிருந்ததும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அது எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் பெட்டி. எனக்கு வேண்டியது ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றுவது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வண்ணம், பெயரில் உள்ள சொற்கள் மட்டும் முன்பின்னாக இருக்கும். வாங்கும்போது மூடியைப் படித்து ஏமாறாதீர்கள், துளைகளைப் பாருங்கள்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு இருக்கும் பக்கத்தில் ‘இன்புட்’ என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் அறியாமை என்று விட்டுவிடலாம். நான்காம் முறை நடந்ததை அப்படி விட முடியவில்லை. கேமராவையும் திரையையும் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். ஏதேதோ மாட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, கேமராவில் ஹெட் போய்விட்டது. சுத்தம் செய்ய வேண்டும்” என்றார். (ஹெட் என்பது கேசட் நாடாவைப் படிக்கும் பாகம்.) 1,500 ரூபாய், நான்கு நாள். நானும் கொடுத்துவிட்டு வந்தேன். ஹெட் போயிருந்தால் கேமராவின் சொந்தத் திரையிலும் படம் கட்டம் கட்டமாக உடைந்துதானே தெரிய வேண்டும்? அதில் படம் பளிச்சென்று ஓடுவதை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். இந்த எளிய கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான்கு நாள் கழித்துக் கேமரா வந்தது. அதோடு கொடுத்த அப்பாவின் பழைய ஏவி வயர் வரவில்லை. அதற்குப் பதில் புதிதாக ஒரு கறுப்பு வயர் பையில் இருந்தது. “இதுவும் அதுவும் ஒன்றுதான்” என்றார்கள்.

ஒன்றல்ல. அம்மாபேட்டையில் முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். அவர் தன் பழைய குழாய் டிவியில் அந்தக் கறுப்பு வயரை மாட்டினார். திரை இருட்டு, உர்ரென்று ஓர் இரைச்சல். சிரித்துக்கொண்டே மஞ்சள் பின்னைப் பிடுங்கிவிட்டுச் சிவப்புப் பின்னை அந்தத் துளையில் செருகினார். குகை வீதி வந்துவிட்டது! கேமராவில் மாட்டும், நான்கு பட்டை கொண்ட இந்த 3.5 மில்லிமீட்டர் முனை வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்தப் பட்டையில் படம், எதில் ஒலி, எது எர்த் என்பது கருவிக்குக் கருவி மாறும். எர்த் சரியான இடத்தில் இருந்தால் இப்படிப் பின்னை மாற்றிச் சமாளிக்கலாம். அதுவும் இடம் மாறியிருந்தால் அந்த வயர் கொடி கட்டத்தான் உதவும். சில கேமராக்களில் ஹெட்போனுக்கும் ஏவிக்கும் ஒரே துளை இருக்கும். மெனுவில் ஏவி என்று மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார். ஹெட் பற்றிக் கேட்டேன். “இதைத் திறந்த அடையாளமே இல்லையே அம்மா” என்றார்.

சரியான பெட்டி எனக்கு 600 ரூபாய்க்குக் கிடைத்தது. மினி எச்டிஎம்ஐ வயர் திரை வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே, பிரிக்காத உறையில், முதல் நாளிலிருந்து கிடந்தது.

வாங்குகிறவர்கள் கேமரா, திரை, கேசட் மூன்றையும் கடைக்குக் கொண்டுபோய், அங்கேயே படம் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெட்டிக்கு யூஎஸ்பி வழியாகத் தனி மின்சாரம் வேண்டும்; அப்படி வேண்டாம் என்று சொல்லும் எதையும் வாங்காதீர்கள். உறையில் அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம், வருடம், புகார் தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. நான் வாங்கிய மூன்றிலும் எதுவுமே இல்லை. பில் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று முத்திரை குத்திய துண்டுச் சீட்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் பதிந்துவிட்டேன் என்று கடையில் சொன்ன பிறகு முதல் வயருக்கும் பெட்டிக்கும் பணம் திரும்பியது. மீதி 2,350 ரூபாய்க்கு இன்னும் ‘நாளைக்கு’ என்ற பதில்தான்.

ஏற்காட்டில் படம் ஓடியது. பாதியில் மின்சாரம் போனது; திரையும் பெட்டியும் பவர் பேங்கில், கேமரா தன் பழைய பேட்டரியில் இருபது நிமிடம் தாங்கின. “எல்லாரும் ஏன் இப்படிப் பெருத்துக் கிடக்கிறார்கள்?” என்று பெரியம்மா கேட்டார். பழைய படம் 4:3, திரை 16:9, அகலத்தில் இழுத்துவிட்டது. திரை மெனுவில் விகிதத்தை மாற்றியதும் அவரவர் அளவுக்கு வந்தார்கள்.

அப்பாவின் வயருக்காக வாரம் ஒரு முறை கடைக்குப் போகிறேன். தேடுகிறோம் என்கிறார்கள். சாம்பல் நிறம், ஒன்றரை மீட்டர் நீளம், கேமராவில் மாட்டும் முனையில் அப்பா சுற்றிய பச்சை இன்சுலேஷன் டேப் இருக்கும். அந்தப் பக்கம் எங்காவது பழைய வயர்க் குவியலில் உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.