தராசின் எடையைக் கணினிக்குக் கொண்டுவர பைசீரியல்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

ஈரோட்டில் மாமாவின் மஞ்சள் மண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசின் பின்பக்கம் ஒன்பது பின் சீரியல் போர்ட் ஒன்று உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் எதையும் செருகியதில்லை. ஒருவர் எடையைப் படிக்க, இன்னொருவர் நோட்டில் எழுத, ராத்திரி மாமா உட்கார்ந்து அதைக் கணினியில் ஏற்றுவார். அந்த வேலையைக் குறைக்கத்தான் அந்த போர்ட்டைக் கணினியின் யுஎஸ்பியோடு இணைக்கும் ஒரு கன்வெர்ட்டரை மாட்டி, பைத்தான் நிரல்மொழியில் பைசீரியலைப் போட்டேன். சீரியல் போர்ட்டில் வருவதைப் பைத்தான் நிரல் படிக்க உதவும், கிறிஸ் லீக்டி 2001 முதல் எழுதி வந்த இலவச லைப்ரரி இது. நான் வைத்திருப்பது 2020-இல் வந்த 3.5 பதிப்பு.

நிறுவும்போதே கொஞ்சம் கவனம் வேண்டும். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப்பில் கேட்க வேண்டிய பெயர் பைசீரியல், நிரலில் இம்போர்ட் செய்யும் பெயரோ வெறும் சீரியல். சீரியல் என்ற பெயரிலேயே பிப்பில் சம்பந்தமே இல்லாத வேறொரு தொகுப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் எதுவும் வேலை செய்யாது. உபுண்டு போன்ற லினக்ஸ் என்றால், சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் உங்கள் பயனரைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் போர்ட்டைத் திறக்கவே விடாது.

பைசீரியலோடு கூடவே வரும் மினிடெர்ம் என்ற சின்னக் கருவி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வரி நிரல்கூட எழுதாமல் தராசு என்ன அனுப்புகிறது என்று திரையில் பார்க்கலாம். முதலில் ஒன்றுமே வரவில்லை. கேபிளில் 2, 3 பின்களை மாற்றிப் போட்டதும் ஏதோ வந்தது, ஆனால் எல்லாம் கிறுக்கல். தரவு வரும் வேகமான பாட் ரேட்டை 9600-இலிருந்து 2400-க்கு இறக்கியதும் 64.35 என்று சுத்தமாக வந்து நின்றது. அந்த நிமிஷத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

சிக்கல் வந்தது டைம்அவுட்டில், அதாவது தரவுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பில். அதை வைக்காமல், ஒரு முழு வரியைப் படிக்கும் ரீட்லைனைக் கூப்பிட்டால், தராசை அணைத்த நேரத்தில் நிரல் அப்படியே காத்துக்கொண்டு நின்றுவிடும். சரி என்று 0.01 விநாடி வைத்தேன், அதுதான் தப்பு. 2400 வேகத்தில் ஒரு எழுத்து வர 4 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும், கன்வெர்ட்டர் வேறு அவற்றைச் சேர்த்து வைத்துக் கொத்துக் கொத்தாக அனுப்பும். இடையில் நேரம் முடிந்தால் ரீட்லைன் பிழை எதுவும் காட்டாது, வந்தவரை கையில் கொடுத்துவிடும். 64.35 கிலோ மூட்டை ஒன்று "64." என்றும் "35" என்றும் இரண்டாக உடைந்து வந்தது. இரண்டையுமே பைத்தான் எண்ணாக ஏற்றுக்கொள்ளும் என்பதால் கணக்கில் ஒரு மூட்டை இரண்டாகிவிட்டது. அன்று மாமா நோட்டும் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

இப்போது டைம்அவுட் 1 விநாடி. போர்ட்டைத் திறந்ததும் வரும் முதல் வரி பாதியில் தொடங்கியிருக்கலாம் என்பதால் அதைத் தூக்கி எறிகிறேன், வரி முடிவுக் குறி இல்லாத எதையும் எடையாக எடுப்பதில்லை. வருவது பைட்டுகள்தான், எழுத்துச் சரம் அல்ல, அதைச் சரமாக மாற்ற டிகோட் செய்ய மறக்காதீர்கள்.

அப்புறம், கன்வெர்ட்டரைக் கழற்றி மாட்டினால் போர்ட்டின் எண் மாறிவிடலாம். பைசீரியலிலேயே இருக்கும் போர்ட் பட்டியல், கன்வெர்ட்டரின் அடையாள எண்ணையும் சேர்த்துத் தரும். அதை வைத்துத் தேடும்படி எழுதிய பிறகு, மண்டியில் யார் எந்த யுஎஸ்பி துளையில் செருகினாலும் எடை வந்துவிடுகிறது.