கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களைக் குறிவைக்கும் 'ஹார்மோன் சமநிலை' வியாபாரம்: ஓர் எச்சரிக்கை

கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களிடம் உமிழ்நீர்ப் பரிசோதனையையும் மூலிகைக் காப்சூலையும் சேர்த்து 'ஹார்மோன் சமநிலைத் திட்டம்' என்ற பெயரில் விற்கும் ஆலோசகர்கள் இணையத்தில் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் பணத்தை இழந்ததோடு, நம்பியிருந்த கருத்தடையின் பாதுகாப்பையும் சில காலம் இழந்தவள் நான். அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதல் உரையாடலிலேயே அச்சமூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். மாத்திரையால் ரத்த உறைவு அபாயம் பல மடங்கு கூடும் என்றும், அது புற்றுநோயை உண்டாக்கும் என்றும் அந்த ஆலோசகர் சொன்னார். இரண்டும் முழுப் பொய்யல்ல; ஆகவேதான் மறுத்துப் பேச முடிவதில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் தந்த மதிப்பீட்டின்படி, மாத்திரை எடுக்காத, கருவுறாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 பேருக்கு ரத்த உறைவு ஏற்படுகிறது. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற செயற்கை ஹார்மோனும் சேர்ந்த கூட்டு மாத்திரைகளில், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் வகை கலந்ததை எடுப்பவர்களில் இது 5 முதல் 7 பேர், ட்ரோஸ்பிரினோன் என்ற வகை கலந்ததில் 9 முதல் 12 பேர். மடங்குக் கணக்கு சரிதான். ஆனால் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இதே அபாயம் இன்னும் அதிகம் என்பதையும் அவர் வாய்திறந்து சொல்லவில்லை. அதேபோல், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டு மாத்திரையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருப்பது உண்மை. மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் ஆகியவற்றில் அபாயம் கூடுவதாகச் சொல்லும் அதே முகமை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் குறைவதாகவும் சொல்கிறது. பாதியை மட்டும் படித்துக் காட்டுவதற்கு அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

அடுத்து வந்தது பரிசோதனை. உமிழ்நீர் மாதிரியை அனுப்பினேன். முடிவில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்டிரோனும் 'ஆபத்தான அளவுக்குக் குறைவு' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய மோசடி இதுதான். கூட்டு மாத்திரை வேலை செய்வதே சினைப்பையின் சுழற்சியை அடக்கி, கருமுட்டை வெளியேறாமல் தடுப்பதன் மூலம்தான். எனவே உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோன்கள் குறைந்துதான் இருக்கும். மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோன்களை இத்தகைய சோதனைகள் அளப்பதுமில்லை. மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளத்தையே நோய் என்று காட்டி, அதற்கு மருந்தும் விற்றுவிட்டார்கள்.

'மனச்சோர்வையும் போக்கும், மாத்திரையோடு சேர்த்தே எடுக்கலாம், முற்றிலும் இயற்கையானது' என்ற உறுதிமொழியோடு காப்சூல் வந்தது. சில வாரங்களில், மாத்திரையை ஒருநாளும் தவறவிடாத நிலையிலும், மாதவிடாய்க்கு இடையே ரத்தக்கசிவு தொடங்கியது. உடல் நச்சை வெளியேற்றுகிறது, நல்ல அறிகுறி என்று ஆலோசகர் பதில் அனுப்பினார். மகப்பேறு மருத்துவரிடம் காப்சூல் புட்டியையும் எடுத்துச் சென்றேன். பொருள்களின் பட்டியலில் பொடி எழுத்தில் 'ஹைப்பெரிகம் பெர்ஃபோரேட்டம்' என்றிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று பரவலாக அறியப்படும் அந்த மூலிகை, கல்லீரல் நொதிகளைத் தூண்டி மாத்திரையின் ஹார்மோன்களை விரைவாகச் சிதைத்துவிடும். அதனால் கருவுற்றவர்களும் உண்டு. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு முகமை, மாத்திரையோடும் கைக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட்டோடும் இதைச் சேர்க்கவே கூடாது என்று 2014-இல் எச்சரித்திருக்கிறது. கர்ப்பப் பரிசோதனையில் இல்லை என்று வந்ததால் தப்பித்தேன்.

ஆலோசகர் கேட்காத அத்தனையையும் அந்த மருத்துவர் கேட்டார்: ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், வயது 35-ஐத் தாண்டியதா, குடும்பத்தில் யாருக்கேனும் ரத்த உறைவு வந்ததுண்டா, வேறென்ன மருந்துகள். ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் ஒளிக்கீற்றுகள் தோன்றுமா என்று குறிப்பாக விசாரித்தார். தோன்றுமானால் பக்கவாத அபாயத்தின் காரணமாக ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையை அறவே தவிர்க்க வேண்டுமாம். அப்படிப்பட்டவர்களுக்குப் புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையோ, ஹார்மோனே இல்லாத காப்பர்-டியோ உண்டு. மருத்துவர் விசாரித்த அபாயங்கள் எதுவும் எனக்கு இல்லாததால் பழைய மாத்திரையையே தொடர்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, 'இது மருந்தல்ல, உணவுத் துணைப்பொருள். பொறுப்பேற்க முடியாது' என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். புட்டியின் படத்தோடும் பரிசோதனை முடிவோடும் மருந்துப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

இத்தகைய காப்சூலைக் கருத்தடை மாத்திரையோடு எடுத்துக்கொண்டிருப்பவர்கள், அதை நிறுத்திய பின்னும் 4 வாரங்களுக்கு ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். நொதிகளின் வேகம் உடனே அடங்குவதில்லை. மனச்சோர்வுக்காகவே அந்த மூலிகையை எடுப்பவர்கள் மட்டும் தாமாக நிறுத்தாமல், முதலில் மருத்துவரிடம் புட்டியைக் காட்டிவிடுங்கள்.